தகரத்தலையன் வீட்டுப் பரண்

வில்லன் வீட்டுப் பெரியவன் காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி நடந்துபோய் மறைந்த வியாழக்கிழமை காலையில், தங்கையின் பள்ளிக்கூடச் செருப்பில் வார் பிய்ந்திருந்ததைப் பார்த்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஊக்குப் போட்டுச் சரிசெய்து கொடுத்தான். ஊக்கு காலைக் கீறாமல் இருக்கப் பழைய துணித் துண்டு ஒன்றை மடித்து உள்ளே செருகினான். "ஓடாத, நடந்து போ. ஓடினேன்னு வை, நீ பஸ்ஸுல போவ, செருப்பு ரோட்டுல கெடக்கும்" என்றான். அவள் ஓடித்தான் போனாள். ஊக்கு நன்றாகவே தாங்கியது. அண்ணனின் தலைக்கு மேல் இருந்த மேகம் அன்றும் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நிம்மதியோடு போனாள். அந்த நிம்மதியைப் பிற்பாடு எத்தனையோ வருடம் அவள் சுமக்க வேண்டியிருந்தது.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் வெளிவந்த காமிக்ஸ் பத்திரிகைக்கு வில்லன் கொடுத்து வந்த குடும்பம் அது. சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வக்கீல் வேலை பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. தாத்தா தொடங்கி வைத்தார். அவர் தளர்ந்ததும் இரும்பு முகமூடி அப்பாவின் தலைக்கு வந்தது. அட்டையில் 'இரும்புத்தலையன்' என்று தடித்த எழுத்தில் போடுவார்கள். தெருவில் 'தகரத்தலையன்' என்பார்கள், அவர் காதில் விழாதபடி. திங்கட்கிழமை காலை சாப்பாட்டு டப்பாவும், துணிப்பையில் முகமூடியுமாக வேலைக்குக் கிளம்புவார். செவ்வாயன்று அணையின் மதகுகளைத் திருடுவார், இல்லையென்றால் கடிகாரக் கோபுரத்தைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். புதன்கிழமை மேயரின் மகளைக் கடத்துவார். அந்தப் பெண் "கையை முன்னாடி கட்டுங்க சார், பின்னல் வேலை பாதியில நிக்குது" என்று சொல்லி, கட்டிப்போட்ட நாற்காலியிலேயே ஸ்வெட்டர் பின்னி முடித்துவிடுவாள். வியாழக்கிழமை மாலை நாயகன் வந்து அடித்து வீழ்த்துவான். பத்திரிகையின் ஓவியர் நோட்டும் பென்சிலுமாகப் பின்னாலேயே அலைந்து எல்லாவற்றையும் வரைவார். அவர் வரையத் தொடங்கினால் வரைகிற இடத்தைச் சுற்றிக் காற்றில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். கோட்டுக்குள் நடப்பது அச்சுக்குப் போகும். கோட்டுக்கு வெளியே நடப்பதை யாரும் பார்த்ததில்லை.

தோற்பதுதான் அவர் வேலை. அதை முகம் சுளிக்காமல் செய்தார். பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுகினால் அவரே போய் வாஷர் மாற்றிக் கொடுப்பார். "தங்கமான மனுஷன், வேலைதான் அப்படி" என்று தெருவே சொன்னது. வியாழக்கிழமை மாலை அவர் உதட்டில் ரத்தமும் சட்டையில் மண்ணுமாகத் தெருமுனையில் திரும்பும்போது, இரண்டு பக்கமும் வீடுகளில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். ஏன் கூட்டினார்கள் என்று கேட்டால், அந்த நேரத்தில் பாட்டு நன்றாக இருக்கும் என்பார்கள்.

அந்தக் குடும்பத்தாரின் சொந்தக் கூரைக்குக் கீழே பேச்சு கண்ணுக்குத் தெரியும். காமிக்ஸில் வருகிறதே பலூன், அதே மாதிரி, பேசியவர் தலைக்கு மேல் வெள்ளையாக எழும்பி, உள்ளே எழுத்தும் வாலுமாக நிற்கும். சாதாரணப் பேச்சு சோப்பு நுரை போல. 'உப்பை எடு', 'மழை வரும்போல இருக்கு' என்பதெல்லாம் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத் தரையில் இறங்கும். அம்மா சாயங்காலம் கூட்டி முறத்தில் அள்ளிவிடுவாள். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருமுறை 'ஸ்பேனர்' என்ற பலூனில் நெற்றியை இடித்துக்கொண்டு, "என்னம்மா, வீடு பூரா பேச்சா இருக்கு, நடக்க வழி இல்ல" என்று அலுத்துக்கொண்டார். அவ்வளவுதான், அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கத்தல் அப்படி இல்லை. கத்தலின் பலூன் ஓரமெல்லாம் முள்முள்ளாக எழும்பும், எழும்பிய சூட்டிலேயே இறுகித் தகடு போல ஆகிவிடும். உடையாது, கரையாது. எரித்துப் பார்த்தார்கள், எரியவில்லை. அதனால் சமையலறைக்கு மேலிருந்த பரணில் அடுக்கி வைத்தார்கள். தாத்தா காலத்துக் கத்தல்கள் அங்கே, பழைய வடிவ எழுத்துகளோடு, துருப் பிடிக்காமல் அப்படியே கிடந்தன.

அப்பா வீட்டுக்குள் புதிதாக ஒரு கத்தலையும் உண்டாக்கியதில்லை. சின்னவள் இதைக் கவனித்தபோது அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கை கால் கழுவி, பிறகு நிதானமாகக் கையை மேலே நீட்டிப் பரணிலிருந்து ஒன்றை எடுப்பார். எல்லாம் தாத்தாவின் எழுத்து. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அவர்மேல் விழுந்தவை. 'எதுக்கும் உதவாத ஜென்மம்' என்பது ஒன்று. 'உன்னைப் பெத்ததுக்கு' என்று தொடங்கி முடியாமல் நின்றது ஒன்று. எந்த முள் எங்கே கிழிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். எறிந்து முடித்ததும் துடைத்து மறுபடி மேலே வைத்துவிடுவார், அடுத்த வாரத்துக்கு வேண்டும் அல்லவா.

அடியைவிடப் பிள்ளைகள் பயந்தது மேகத்துக்கு. பேச்சுக்குப் பலூன் போல நினைப்புக்கு மேகம். வாயைத் திறக்காவிட்டாலும் நினைத்தது தலைக்கு மேல் படமாகத் தெரிந்துவிடும். அப்பா எதிரே நின்று, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், தலைக்கு ஒரு சாண் மேலே பார்ப்பார். "என்ன நெனப்பு ஓடுது உனக்கு?" என்று கேட்பது வெறும் மரியாதைக்கு. ஒருமுறை பெரியவனின் மேகத்தில் அப்பா படியில் தடுக்கி விழுவது போல ஒரு படம், ஒரு கணம்தான், வந்து போனது. அவன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மா பிள்ளைகளை உட்கார வைத்துப் பழக்கினாள். "ஏதாவது ஒரு சாமானைப் பிடிச்சுக்குங்க. அவர் உள்ள வந்ததும் அதை மட்டும் நெனைங்க. வேற எது வந்தாலும் இடம் குடுக்காதீங்க." அம்மாவின் மேகத்தில் எப்போதும் ஒரு வாளி இருந்தது. சின்னவள் சட்டைப் பொத்தானை எடுத்துக்கொண்டாள். பெரியவன் சைக்கிள். அவன் சைக்கிளைத் தப்பித்தவறி ஓட்டிவிடுவான். மேகத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அம்மா இருமுவாள், அவன் பிரேக் பிடிப்பான்.

வெளியே கூரை அவர்களுடையது இல்லை, அதனால் மேகம் வராது. அண்ணனும் தங்கையும் நினைப்பதற்காகவே தெருவுக்குப் பின்னாலிருந்த பஸ் நிழற்குடைக்குப் போவார்கள். எந்தப் பஸ்ஸிலும் ஏற மாட்டார்கள். சிமெண்டு பெஞ்சில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அந்த வாரம் நினைக்க முடியாமல் விட்டதையெல்லாம் நினைத்துத் தீர்ப்பார்கள்.

"முடிஞ்சுதா?" என்பான் அண்ணன்.

"இரு, இன்னும் கணக்கு வாத்தியாரைத் திட்டணும்."

"அவரை வீட்டுலயே திட்டலாமே, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வாத்தியாருக்கும் மீசை இருக்கு. அப்பா தன்னைன்னு நெனச்சுக்கிட்டா?"

அப்பாவின் தலைக்கு மேலும் மேகம் உண்டு. மற்ற நாட்களில் அதில் என்னென்னவோ வரும். அடிக்கும்போது மட்டும் ஒரே படம்தான். ஒரு சின்னப் பையன் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பான். பெரியவன் அது தான்தான் என்று நம்பினான். "என்னை அடிக்காத நேரத்துலயும் என்னையேதான் நெனைக்கிறாரு, பாத்தியா?" என்று நிழற்குடையில் சொல்வான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பயத்தோடு சின்னதாக ஒரு பெருமையும் கலந்திருக்கும். தன் மேகம் தனக்குத் தெரியாது. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பும். அதனால் அப்பா ஒருநாளும் அந்தப் பையனைப் பார்த்ததில்லை.

அப்பா வயதாகிச் சண்டைக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளத் தொடங்கியபோது பத்திரிகை ஆசிரியர் வீடு தேடி வந்தார். வில்லன் உட்கார்ந்தால் நாயகன் யாரை அடிப்பான்? சிறப்பிதழ் போட்டு மகனைக் களத்தில் இறக்கிவிடலாம் என்றார். வழக்கமான முறைதான் அது. கடைசிப் பக்கத்தில் பழைய வில்லன் விழுந்து கிடப்பான், பக்கத்தில் புதிய வில்லன் முகமூடியைக் கையில் எடுத்து நிமிர்ந்து, சொந்தமாக ஒரு கத்தல் கத்த வேண்டும். பழிவாங்குவேன் என்றோ வேறு எதுவோ, வாசகம் முக்கியமில்லை. அச்சாகும் பலூனில் முள் இருக்க வேண்டும். "முள்ளு இல்லாத வில்லனை வச்சு நான் என்னங்க பண்றது? புத்தகம் கடையில அப்படியே தூங்கும்" என்றார் ஆசிரியர்.

பெரியவனுக்கு முள் வரவில்லை. எவ்வளவு கத்தினாலும் பூசணிக்காய் போல உருண்டையாக ஒன்று எழும்பி, தரையில் இறங்கிக் கரைந்தது. அப்பா தினமும் வேலைவிட்டு வந்து அவனைப் பழக்கினார். சுவரைப் பார்த்துக் கத்தச் சொன்னார், வாளியைப் பார்த்துக் கத்தச் சொன்னார். ஒரு சாயங்காலம் சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவரோரம் நிற்க வைத்தார்.

"இவளைப் பார்த்துக் கத்து."

"இவ என்ன பண்ணா?"

"என்ன பண்ணணும்? எங்கப்பா காரணம் கேட்டுக்கிட்டா என்கிட்ட வந்தாரு?"

சின்னவள் பொத்தானை நினைத்துக்கொண்டு நின்றாள். பெரியவன் மாட்டேன் என்று தலையாட்டினான். அப்பா பரணுக்குக் கையை நீட்டினார். தாத்தாவின் தகடு ஒன்று பெரியவனின் முதுகில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, மூன்றாவது விழுவதற்கு முன் அவன் தங்கையைப் பார்த்துக் கத்தினான். என்ன வார்த்தை என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. பலூன் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கூரை முட்டும் அளவுக்குப் பெரியதாக, ஓரமெல்லாம் பளபளவென்று முள்ளாக, அந்த வீட்டில் முதன்முதலாகப் புதுவடிவ எழுத்தோடு எழும்பியது. அதன் ஒரு முனை அவள் தாடையைக் கிழித்தது. அப்பா மகனின் தோளில் கை வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் கை வைத்ததில்லை. "இப்பதாண்டா என் பிள்ளை" என்றார்.

தாடையைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்த சின்னவள் அண்ணனின் மேகத்தைப் பார்த்தாள். சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கத்தில், கையை விட்டு, காற்றில் சட்டை படபடக்க ஓடியது. அந்த ஒரு கணம் அவன் சந்தோஷமாக இருந்தான். தன்னை அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்கும் தெரிந்தது. அவள் அதுவரை அப்பாவுக்குத்தான் பயந்திருந்தாள். அன்று அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து துடைக்கக் குனிந்தபோது அவளை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவன் கையில் துணியோடு அப்படியே நின்றான்.

மறுநாளிலிருந்து அவன் மேகம் காலியாகிவிட்டது. சைக்கிள் இல்லை, பாதை இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அப்பா எதிரே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் எதுவும் வரவில்லை. அம்மா அடுப்படியில் சின்னவளின் காதில், "நல்லா பழகிட்டான்டி. இப்படி இருந்தா அவருக்குக் கோவமே வராது" என்று சொன்னாள். சின்னவளும் தலையாட்டினாள். நினைப்பை ஒளிக்கப் பழகிப்பழகி, காலி மேகம் என்றால் பத்திரம் என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். வேறு எந்த வீட்டிலாவது ஒரு பையன் எதையுமே நினைக்காமல் நாள்கணக்கில் சுற்றிவந்தால், யாராவது ஒருத்தர் உட்கார வைத்து என்னடா என்று கேட்டிருப்பார்கள்.

சிறப்பிதழுக்கு வரைந்த வியாழக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாயகன் அடித்தான், அப்பா விழுந்தார். பெரியவன் முகமூடியைக் குனிந்து எடுத்தான். ஓவியர் கடைசிக் கட்டத்தை வரையத் தொடங்க, காற்றில் கறுப்புக் கோடு விழுந்தது. பெரியவன் வாயைத் திறந்தான், கத்தவில்லை. முகமூடியை அப்பாவின் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு, இடது பக்கக் கோட்டை நோக்கி நடந்தான். நடைபாதை விளிம்பில் இறங்குவதுபோல ஒரு காலை வெளியே வைத்தான், மறு காலையும் வைத்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் கொஞ்ச தூரம் அவன் முதுகு தெரிந்ததாக ஓவியர் பிற்பாடு சொன்னார். பிறகு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த சிறப்பிதழில் கடைசிக் கட்டத்தில் அவன் நின்ற இடம் ஆள் வடிவத்தில் வெள்ளையாக இருந்தது. அச்சுக்காரர் மை ஏற்றிப் பார்த்தார், ஒட்டவில்லை. கத்தரித்து விளையாட இலவசப் பொம்மை கொடுத்திருக்கிறார்கள், நம் பிரதியில் யாரோ வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்து வாசகர்கள் கடைக்காரர்களோடு சண்டை போட்டார்கள். அம்மா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பழைய இதழ்களின் ஓரங்களையும், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விட்ட வெள்ளை இடைவெளிகளையும் விரலால் தடவினாள். சின்னவள் ஓவியரை வாசல் கேட் அருகே நிறுத்தினாள். வாராவாரம் அப்பாவின் பின்னால் கேட் வரைக்கும் வந்து, கேட்டில் நோட்டை மூடிவிட்டுத் திரும்பியவர் அவர்.

"உள்ள ஒரு தடவ வந்து வரைஞ்சிருக்கலாமே மாமா?"

"வீட்டுக்குள்ள நடக்கறது கதையில வராதும்மா" என்றார் ஓவியர். பென்சிலைச் சட்டைப்பையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். "எனக்குக் கேக்காம இல்ல" என்றார்.

துக்கத்துக்கென்று யாரும் வரவில்லை, உடல் இல்லாததால் எப்படி வருவது என்று தெருவுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் வந்தார். பெண் வில்லன் என்றால் புதிதாக இருக்கும், அட்டையில் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். அப்பா நூல் எடுத்துச் சின்னவளின் தலையை அளந்தார். முகமூடிக்குள் பஞ்சு வைத்து அவள் தலையில் கவிழ்த்தார். உள்ளே இருட்டாக, யார் யாருடையதோ வியர்வை வாடையாக இருந்தது. நாயகனின் குத்து விழுந்து நசுங்கிய இடங்கள் அவள் நெற்றியில் குளிர்ந்து அழுந்தின. எதிரே நிற்க இப்போது அம்மாதான் மிச்சம். அம்மா தானாகவே போய்ச் சுவரோரம் நின்றாள்.

"கத்துடி. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு தடவ கத்திட்டா விட்டுடுவாரு."

சின்னவளுக்குத் தொண்டையில் அது வந்துவிட்டிருந்தது. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. அம்மாவின்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. வாளியை வைத்து ஒளிக்கக் கற்றுக் கொடுத்ததற்கு, இருமியதற்கு, நல்லா பழகிட்டான் என்று சொன்னதற்கு. முள் எப்படி வரும் என்று அவளுக்கு அந்தக் கணம் தெரிந்தது. கஷ்டமே இல்லை, வாயைத் திறந்தால் போதும். அவள் பார்வையை அம்மாவிடமிருந்து பிடுங்கி, முகமூடியின் கண் ஓட்டை வழியே அப்பாவின் தலைக்கு மேலே வைத்தாள்.

"அப்பா, உங்க மேல ஒரு பையன் இருக்கான்."

உருண்டையாக, மெதுவாக எழும்பியது அந்தப் பலூன். அப்பா அதை வாசித்தார்.

"என்ன பையன்?"

"மேசைக்கு அடியில உக்காந்திருக்கான். காதைப் பொத்திக்கிட்டு."

"பெரியவனா?"

அவள் முதல் முறையாக உற்றுப் பார்த்தாள். "இல்ல. இது நம்ம மேசை இல்ல, பழசு. காது உங்க காது மாதிரி இருக்கு."

அப்பா அண்ணாந்தார். மேகம் பின்னால் போயிற்று. சட்டென்று திரும்பினார், அதுவும் திரும்பியது. முதுகு அரிப்பவரைப் போலக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மூச்சு வாங்க அம்மாவைப் பார்த்தார். "எவ்வளவு நாளா இருக்கான்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடிப்பீங்களே" என்றாள் அம்மா.

அவர் சின்னவளின் தலையிலிருந்து முகமூடியைக் கழற்றினார். பஞ்சை எடுத்துவிட்டுத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நிழற்குடையில் பஸ் எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்ததாகத் தெருவில் சொன்னார்கள். அதற்குப் பிறகு முகமூடியை வேறு யார் தலைக்கும் அவர் கொண்டுவரவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போலச் சட்டையை ஆணியில் மாட்டி, கை கால் கழுவி, பரணுக்குக் கையை நீட்டினார். எறிவதற்கு நடுவே நிறுத்தி, "இருக்கானா?" என்று கேட்டார். "இருக்கான்" என்றாள் சின்னவள். "என்ன பண்றான்?" "அதேதான்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு எறிந்தார். தெரிந்துகொண்டால் நின்றுவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். நிற்கவில்லை.

அம்மா அவளைச் சித்தி ஊருக்கு அனுப்பி வைத்தாள். நீயும் வா என்று மகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நானும் வந்துட்டா எறிய ஆள் தேடி அங்க வருவாரு. நான் இங்க இருக்கற வரைக்கும் நீ அங்க இருக்கலாம்" என்றாள். கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். வருடங்கள் போயின. சின்னவள் பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பக்கத்தின் இடது ஓரத்தில் அவள் ஒருபோதும் பேனா வைப்பதில்லை. திருத்தம் எவ்வளவு இருந்தாலும் வலது ஓரத்திலேயே நெருக்கி எழுதுவாள். அந்தப் பக்கம் ஏன் காலி என்று மேலாளர் கேட்டால், பழக்கம் சார் என்பாள். யாராவது அந்த வழியாக நடந்து வந்தால் தடுக்கக் கூடாது என்பதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் சாக்குச் சொல்லி அவர் வீட்டுக்கு அடிக்கடி போனாள். உட்கார்ந்து எல்லாருடைய தலைக்கு மேலேயும் பார்த்தாள். அவர் அம்மா உச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "என்னம்மா, ஒட்டடையா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்த அன்றும் போய்ப் பார்த்தாள். சத்தம்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் சத்தமும் அடங்கி, சாப்பிட உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் சரி என்றாள். கடைக்கு மேல்மாடியில் குடியேறினார்கள். முதல் நாள் அவள் அறை அறையாகப் போய், ஒவ்வொரு அறையிலும் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். காற்றில் எதுவும் எழும்பவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது, பேசத் தொடங்கியது, அதன் பேச்சும் எல்லாக் குழந்தைகளின் பேச்சைப் போலக் காதுக்கு மட்டும்தான் வந்தது.

அப்பா ஒரு வியாழக்கிழமை, நாயகனின் அடி விழுவதற்கு முன்பே விழுந்துவிட்டார். நாயகன் ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்று, பிறகு குனிந்து தூக்கப் போனான். அந்தக் கட்டத்தை ஓவியர் வரையவில்லை. காரியம் முடிந்து அம்மா ஒரே ஒரு பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தாள். பரணில் கிடந்ததையெல்லாம் என்ன செய்தாய் என்று மகள் கேட்டாள். பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டதாகவும், அவன் ஒன்றைத் தூக்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எடைக்கு எடுக்க மாட்டோம்மா, எங்க வீட்டுலயே நிறையக் கெடக்கு" என்று போய்விட்டதாகவும் அம்மா சொன்னாள். அப்படியே விட்டுப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அந்த வாரம் அம்மாவும் மகளும் கொஞ்சம் சிரித்தார்கள்.

அது நடந்தது ஒரு மத்தியானம். குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. கடையிலிருந்து துடைப்பதற்காக மேலே கொண்டுவந்திருந்த மூக்குக்கண்ணாடித் தட்டை எட்டி இழுத்து, எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டாள். சின்னவளுக்குத் தலைவலி, அச்சகத்தில் அவசர வேலை, முதல் நாள் சரியான தூக்கமும் இல்லை. இவையெல்லாம் காரணமா என்று அவள் பிறகு யோசித்துப் பார்த்தாள். அப்பாவுக்கும் இந்த மாதிரி நாலு காரணம் எப்போதும் இருந்திருக்கும் என்று தோன்றியதும் யோசிப்பதை விட்டுவிட்டாள். அவள் குழந்தையின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்கு முன்பே தலைக்கு மேல் ஏதோ கனத்தது. சுவரில் நிழல் விழுந்தது. நிழலின் ஓரம் முள்முள்ளாக இருந்தது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடித்ததில் உள்ளங்கை ரத்தம் கட்டியது. அது நின்றது, ஆனால் மறையவில்லை. ஒரு எழுத்தும் இல்லாமல், பாதி ஊதிய நிலையில், ஒரு பக்கம் உருண்டையாகவும் மறு பக்கம் கூராகவும் இறுகித் தொங்கியது. குழந்தை அசையாமல் நின்றது. அதன் தலைக்கு மேல் இதுவரை இல்லாத சின்ன மேகம் ஒன்று வந்திருந்தது. அதைப் பார்க்கச் சின்னவளுக்குத் துணிவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே அவள்தான் இருந்தாள். முகமூடி எதுவும் இல்லை. காலையில் குழந்தைக்குத் தலை வாரிவிட்ட அதே முகம், மேகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெரிதாக.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்றாள். மேலே பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "பூட்டிட்டுத்தானே வந்தேன்" என்றாள். பிறகு வழக்கத்தினால் இருமப் போனவள், இருமலை விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வா என்று கூப்பிடவில்லை. வர வேண்டுமே என்று மட்டும் இருந்தது. குழந்தை வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்டது.

"அது என்னம்மா?"

"நான் கத்த வந்தது."

"கத்தலையே?"

"கத்தல."

"அப்புறம் ஏன் இருக்கு?"

"எங்க வீட்டுல அப்படித்தான். வந்துட்டா போகாது" என்றாள் சின்னவள். தாடையிலிருந்த வடுவைக் காட்டினாள். அண்ணனைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும், மேசைக்கு அடியிலிருந்த பையனைப் பற்றியும், அந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லக் கூடியதைச் சொன்னாள், சொல்லக் கூடாததிலும் கொஞ்சம் சொன்னாள். "நீ எதை வேணும்னாலும் நெனச்சுக்கோ. என்னைப் பத்தியும் நெனச்சுக்கோ. நான் மேல பார்க்க மாட்டேன்" என்றாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். மகளோடு பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசவோ, முடியாவிட்டால் தரையைப் பார்க்கவோ பழகிக்கொண்டாள். அந்த வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் பேச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஒன்று மட்டும்தான்.

மாலையில் கடையை மூடிவிட்டு வந்த கணவர் அண்ணாந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஏணி கொண்டுவந்து, ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார், பல் மழுங்கியது. கூரான பக்கத்தில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் அதையும் சேர்த்து அடிக்கவா என்று கேட்டார்கள், வீட்டில் சரி என்றார்கள். விருந்தாளிகள் விளக்கு மாட்டுவதற்கு வைத்ததோ என்று நினைப்பார்கள். அம்மா அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கடைசிக் காலம் வரைக்கும் காய் நறுக்கினாள்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். சின்னவளைவிட உயரம், கணவரைவிடவும் உயரம். வாய் ஓயாமல் பேசுவாள், அம்மாவைக் கேலி செய்வாள், ஏதாவது பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்வாள். சமையலறைக்குப் போக அதன் அடியில்தான் போக வேண்டும். அது அவள் தலைக்கு ஒரு முழத்துக்கும் மேலே, எட்டிக் குதித்தாலும் இடிக்காத உயரத்தில் தொங்குகிறது. அவள் அந்த இடம் வரும்போது, பேசுகிற பேச்சை நிறுத்தாமலே, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டுதான் போகிறாள்.